சுத்தியலுக்கு முந்தைய முணுமுணுப்பு

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. ருக்சாரா அதைக் கடந்து படிக்கட்டில் பாதி இறங்கியவள், நின்று, திரும்பி ஏறி வந்தாள்.

மேலே டாக்டர் சர்ராஃபியின் முகம். அதன்கீழ் பெரிய எழுத்தில் ‘பூமி முன்கூட்டியே பேசுகிறது’ என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஒரு நிலநடுக்கப் பதிவு. முதலில் நேர்கோடு. பிறகு சின்னச் சின்ன நெளிவுகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக. கடைசியில் நிலம் அதிர்ந்த இடத்தில் செங்குத்தாக எழும் ஒரு மலை. நெளிவுகளைச் சிவப்பு வட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள். புதன்கிழமை மாலை பல்கலைக்கழக அரங்கில், மாகாண ஆளுநர் முன்னிலையில், தொலைக்காட்சி நேரலையோடு டாக்டர் உரையாற்றுவார்.

ருக்சாரா முகத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள். தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து இரண்டு நெளிவுகளுக்கு நடுவே வைத்து அளந்தாள். அடுத்த இரண்டுக்கு நடுவே வைத்தாள். அதற்கடுத்தது. எல்லாம் ஒரே இடைவெளி.

“இறைவா, உனக்கு நன்றி” என்றாள். நன்றி சொல்லக்கூடிய காரியம் இது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஈரானின் தப்ரீஸ் நகரத்துக்கு அடியில் நிலப்பிளவு ஓடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன்மேல் வீடு கட்டி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிளவுக்கு வடக்குப் பக்கம் புதைந்து கிடந்த ஒரு கிளையைக் கண்டுபிடித்து வரைபடம் போட்டவள் ருக்சாரா. பல குளிர்காலங்கள் பனிக்குள் கருவிகளைச் சுமந்து நடந்து போட்ட படம் அது. வெளிவந்தபோது டாக்டர் சர்ராஃபியின் பெயரில் வந்தது. அவர் நிலநடுக்க ஆய்வு மையத்தின் தலைவர். அவள் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். அவர் கோபப்படக்கூட இல்லை.

“இந்த அம்மா எண்களையெல்லாம் தட்டச்சு பண்ணிக் குடுத்தாங்க. ரொம்ப நல்லா தட்டச்சு பண்ணுவாங்க. கடைசிப் பக்கத்துல நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலையா?” என்றார்.

கூட்டம் சிரித்தது. அடுத்த மாதம் அவளைக் கருவிகள் பழுதுபார்க்கும் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. அந்தச் சிரிப்பு மட்டும் அவளோடு கீழே இறங்கி வந்து அங்கேயே தங்கிவிட்டது.

கீழ்த்தளத்தில் அவளோடு வேலை செய்கிறவர் கஃபார், அர்தபீல்காரர், மின்னணுவியல் இன்ஜினியர். அவர் ரொட்டியில் பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ருக்சாரா உள்ளே நுழைந்தாள்.

“கஃபார், அந்தாளு செத்தான்.”

கஃபார் ரொட்டியைக் கீழே வைத்தார். “யாரு? இறைவன் அவருக்கு...”

“இன்னும் சாகலை. புதன்கிழமை சாயங்காலம் சாவான்.”

அவள் சுவரொட்டியைச் சொன்னாள். கஃபார் முழுவதும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ‘ஒரே இடைவெளி’ என்றதும் அவர் வாய் தானாகவே திறந்தது.

விஷயம் இதுதான். எந்த அதிர்வையும் மெதுவான அலைகளும் வேகமான அலைகளும் கலந்த கூட்டமாகப் பிரித்துவிடலாம் என்பது ஃபூரியர் என்ற கணித மேதை காட்டிய வழி. எங்கள் வேலை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வேகமான அலைகளைப் பதிவுக்கருவியால் எண்ண முடியாது. விட்டுவைத்தால் அவை மெதுவான அலைகளைப்போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்துவிடும். அதனால் கருவிக்குள் இருக்கும் வடிகட்டி அந்த எல்லைக்கு மேலிருப்பதை எல்லாம் வெட்டி எறிகிறது. கத்தி வைத்ததுபோல ஒரே வெட்டாக வெட்டினால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு தட்டு விழுந்தாலும் பதிவில் அது ஒற்றைத் தட்டாக நிற்காது. நடுவில் ஒரு மலையாகவும், அதன் இரண்டு பக்கமும் சம இடைவெளியில், தள்ளிப்போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் நெளிவுகளாகவும் மாறிவிடும். அந்த வடிவத்துக்கு ஸிங்க் என்று பெயர். வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தூரம் நெளிவு நீளும். இரண்டு பக்கமும் நீளும். கருவி அலைகளைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைத்துக்கொண்டு பிறகுதான் எழுதுகிறது. ஆகவே தட்டு விழுவதற்கு முந்தைய இடத்திலும் நெளிவு வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு வடிகட்டியும் அதே கருவியில் உண்டு. கொஞ்சம் மழுங்கல். நெளிவை எல்லாம் தட்டுக்குப் பின்னால்தான் போடும். முதலில் எல்லாக் கருவிகளிலும் அதுதான் இருந்தது. “எனக்கு இரைச்சல் வேணாம், கத்தி மாதிரி வெட்டணும்” என்று உத்தரவு போட்டு மாற்றச் சொன்னவர் டாக்டர் சர்ராஃபி. மாற்றிய கை ருக்சாராவுடையது.

“எந்த நிலநடுக்கத்தை எடுத்தாலும் அதே இடைவெளி” என்றாள் ருக்சாரா. “அதைப் பாத்து, பிளவு எப்பவும் ஒரே சுருதியில முணுமுணுக்குதுன்னு நெனச்சுட்டான். அதான் அவன் கண்டுபிடிப்பு. பழைய கருவியில ஏன் தெரியலைன்னு ஒருத்தன் கேட்டானாம். அதெல்லாம் செவிட்டுக் கருவின்னானாம்.”

“ஆளுநர் இதை நம்பி ஊர் முழுக்க எச்சரிக்கை மணி வைக்கப்போறாராம், இன்ஜினியரம்மா. எங்க மச்சான் சொன்னான்.”

“வைக்க மாட்டார். அந்த மேடையிலேயே உடைப்பேன்.” அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கஃபார் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். கையைக் கழுவி, தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னாள். “இமாம் ரிஸா பேரால நேர்ந்துக்கறேன். அந்தாளு ஊர் முன்னால தலைகுனிஞ்சா, எங்க தெரு முழுக்க மஞ்சள் பாயசம் காய்ச்சி ஊத்துறேன்.”

கஃபார் மெல்வதை நிறுத்தினார். “ஒருத்தன் விழணும்னு நேர்ச்சையா? இமாமை என்னன்னு நெனச்சீங்க, கூலிக்கு ஆள் அடிக்கிறவர்னா?”

“நீ சாப்பிடு.”

“சாப்பிடறேன். பாயசத்துல பாதாம் உண்டா?”

“உண்டு.”

“அப்ப விழட்டும்.”

கருவிகளைச் சோதிக்க அந்தத் தளத்தில் ஒரு கான்கிரீட் திண்டு இருக்கிறது. அதன்மேல் ஓர் உணர்கருவியை வைத்து, பதிவுக்கருவியோடு இணைத்தார்கள். கஃபார் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். திரையில் மலை எழுந்தது. அதற்கு முன்னால், சுவரொட்டியில் இருந்த அதே முணுமுணுப்பு. ருக்சாரா ஊசியைத் திரையில் வைத்து அளந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

அதன்பின் ஒத்திகை. கஃபார் டாக்டராக நடித்தார். தோளை உயர்த்தி, மூக்கால் மூச்சு விட்டு, அச்சு அசலாக இருந்தது.

“கேள்வி இருக்கிறவங்க கேக்கலாம். ஆ, தட்டச்சு அம்மாவா, சொல்லுங்க.”

“டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். நேத்து நான் ஒரு கல்லைச் சுத்தியலால தட்டினேன். உங்க முணுமுணுப்பு அதுக்கு முன்னாலயும் வந்துச்சு. நான் தட்டப்போறேன்னு கல்லுக்கும் தெரிஞ்சிருச்சோ?”

கஃபார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நீ சிரிச்சா நான் எப்படிக் கோபப்படறது? திரும்பச் சொல்லு.”

“நான் ஒண்ணு கேக்கலாமா?” சிரிப்பு அடங்கியதும் கஃபார் கேட்டார். “முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டா?”

“என் படத்தைத் திருடும்போது எனக்கு முன்னாடியே சொன்னானா?”

அவள் அந்தச் சுத்தியல் கேள்வியை வீட்டில் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். பேருந்தில் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். ‘சுத்தியலால’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்தாள். அவர் முகம் எப்படி மாறும், முதலில் யார் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு எப்படி வரிசை வரிசையாகப் பரவும் என்றெல்லாம் நினைத்துப் பார்க்கையில் பசிகூட எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் படிக்கட்டில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி வந்தது மஹ்லகா. டாக்டர் சர்ராஃபியின் மனைவி. கையில் துணி மூடிய கிண்ணம்.

“யாராவது வாங்கிக்குங்களேன். முட்டி என்னைக் கொல்லுது” என்றாள்.

ருக்சாரா ஓடிப்போய் வாங்கினாள். கிண்ணம் சூடாக இருந்தது. துணியை எடுத்ததும் ஆஷ், நேர்ச்சைக்குக் காய்ச்சி ஊற்றும் கஞ்சி. கீரையும் பருப்பும் மாவுநூலும் குழைய வெந்து, மேலே எண்ணெயில் பொரித்த புதினா.

“மேல எல்லாருக்கும் ஊத்தியாச்சு. கீழ எவனும் கொண்டுவந்து தர மாட்டான்னு தெரியும். அதான் நானே வந்துட்டேன். சாப்பிடு கண்ணு, ஆறிடும்.”

“அக்கா, நீங்க எதுக்கு இந்தப் படியெல்லாம்...”

“சாப்பிடுன்னா. பயப்படாத, பூண்டு இல்லை. உனக்குன்னு சின்னச் சட்டியில தனியா வெச்சேன். அந்த மலைப் பயணத்துல பூண்டு சாப்பிட்டு உனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போய், மூச்சு வாங்கினியே. அந்த முகத்தை என்னால மறக்க முடியலை.”

அது எல்லாம் கெடுவதற்கு முந்திய காலம். ருக்சாராவே அதை மறந்திருந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டாவது கரண்டியை எடுத்துக்கொண்டே, கேட்க வேண்டிய மரியாதைக்காகக் கேட்டாள்.

“என்ன நேர்ச்சை அக்கா?”

“புதன்கிழமைக்குத்தான். அவர் பேச்சு நல்லபடியா முடியணும்னு இமாம் ரிஸாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். மனுசன் தூங்கவே மாட்டேங்கிறார். ராத்திரியெல்லாம் குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னு பேசிக்கிட்டிருக்கார். எனக்கு அவர் பேசறது ஒண்ணும் புரியாது. வெளிய அவர் எப்படி நடந்துக்கறார்னு மட்டும் கொஞ்சம் புரியும்.” அவள் கூரையைப் பார்த்தாள், சுவர்களைப் பார்த்தாள், ஜன்னலைத் தேடுகிறவள்போல. “நீயும் ஒரு துஆ செய் கண்ணு.”

கரண்டி பாதி வழியில் நின்றது. அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்த கஃபாருக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

“கிண்ணத்துக்கு அவசரம் இல்லை” என்று சொல்லிவிட்டு மஹ்லகா மறுபடி படியேறத் தொடங்கினாள்.

அவள் போனபின் கஃபார் மெதுவாக வெளியே வந்தார். “ஒரே இமாம், ரெண்டு பாத்திரம். அவர் யார் பக்கம் சாய்வார்னு பாப்போம்.”

“வாயை மூடு.”

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை வந்த கிண்ணம் காலியாகத் திரும்பாது. ஏழை வீட்டிலிருந்துகூட ஒரு சர்க்கரைக் கட்டியாவது, ஒரு கொத்து இலையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். ருக்சாரா கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தாள். சீனி மிட்டாய் போட்டாள். வெளியே கொட்டினாள். உலர்ந்த முசுக்கட்டைப் பழம் போட்டாள். அதையும் கொட்டினாள். இந்தக் கையால் இனிப்பு வைத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையால் அதே வீட்டுக்காரனைச் சந்தியில் நிறுத்த முடியுமா? காலியாகவும் கொடுக்க முடியாது. புதன்கிழமை தாண்டிக் கொடுக்கவும் முடியாது. அதன்பின் அந்தக் கதவை எப்படித் தட்டுவாள்?

“என் கைதவறி உடைஞ்சதா சொல்லிடவா?” என்று மறுநாள் கஃபார் கேட்டார். அவருக்கு உதவும் மனசு.

அவளுக்கு யார்மேல் கோபம் என்றே தெரியாமல் கோபம் வந்தது. மஹ்லகா ஏதாவது தந்திரத்தோடு வந்திருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கூட்டம் கூட்டமாக ஆட்களுக்குச் சமைக்கும் நாளில், தன் கணவன் கீழே தள்ளிய ஒருத்திக்காகத் தனியாக ஒரு சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். மாலைத் தொழுகையில் நெற்றி தரையில் பட்டபோது அந்தப் புதினா மணம்தான் வந்தது. யாரையாவது வீழ்த்திக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. எழுந்து, பாயைச் சுருட்டி, கிண்ணத்தில் ஒன்றை வைத்து, துணி போட்டு மூடி, கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்தவர் டாக்டர் சர்ராஃபி. மேலே கழுத்துப்பட்டியும் கீழே வீட்டுக் காற்சட்டையும். ஒத்திகையில் இருந்திருக்கிறார்.

“என்ன, ருக்சாரா அம்மா. மேல்மாடிக்கு மாத்தல் கேட்டு வீட்டு வழியா சிபாரிசா?”

“கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன்.”

அதற்குள் மஹ்லகா வந்து, உள்ளே வா, செருப்பு கிடக்கட்டும், டீ கொதிக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே துணியை எடுத்தாள். கிண்ணத்துக்குள் சின்னச் சுத்தியல் இருந்தது.

“என்னடி இது?”

“இனிப்பு எதுவும் ஒத்துவரலை அக்கா.”

டாக்டர் சுத்தியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “மிரட்டலா?”

“மிரட்டலா இருந்தா நாளைக்கு அரங்கத்துக்குக் கொண்டு வந்திருப்பேன். அதுக்குத்தான் இருந்தேன். கேள்வியெல்லாம் மனப்பாடமா இருக்கு.” குரல் உயர்ந்தது. கோபத்தில்தான். “உங்க முணுமுணுப்பு நிலம் பேசறது இல்லை. ஸிங்க். வடிகட்டியோட கூர் வெட்டு முன்பக்கம் தெறிக்கிறது. நீங்க கையெழுத்துப் போட்டு மாத்தச் சொன்ன வடிகட்டி.”

அவர் முகம் முதலில் வெளுத்து, பிறகு இறுகியது. “கருவி துடைக்கிற இடத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு ஃபூரியர் சொல்லித் தர்றீங்களா?”

“உக்கார வெச்சது நீங்க. என்னை நம்பவேண்டாம். காலையில கீழ வாங்க. நீங்களே தட்டுங்க. தட்டறதுக்கு முன்னால கல்லு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அப்பறம் மேடைக்குப் போங்க.”

“ஒரு வாய் டீயாவது...” என்றாள் மஹ்லகா.

“இன்னிக்கு வேணாம் அக்கா. இறங்காது.”

தெருவில் நடந்துபோகையில் ருக்சாரா தன்னையே திட்டிக்கொண்டு போனாள். முட்டாள், காப்பாற்றிவிட்டாயே, கைக்கு வந்தவனைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டாயே என்று. எதிரே வந்த ரொட்டிக்கடைக்காரர் பயந்து வழிவிட்டார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. சில நேரம் அது தொண்டையில் எலும்புபோல நிற்கும். அப்போதும் அது நல்லதுதான்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே டாக்டர் சர்ராஃபி படியிறங்கி வந்தார். சுத்தியலைச் செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். கஃபார் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். டாக்டர் உட்காரவில்லை.

“இங்க ஜன்னல் இல்லையா?”

“இல்லை” என்றாள் ருக்சாரா.

அவர் திண்டுக்கு முன்னால் குனிந்து மெல்லத் தட்டினார். திரையைப் பார்த்தார். மலைக்கு முன்னால் நெளிவு. வேகமாகத் தட்டினார். மலை பெரிதானது, நெளிவும் பெரிதானது. இன்னொரு மூலைக்குப் போய் மண்டியிட்டுத் தரையிலேயே தட்டினார். அதே இடைவெளி. கருவி பொய் சொல்கிறதா என்று பார்ப்பவர்போலத் தட்டாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோடு நேராகவே ஓடியது. பிறகு சட்டென்று ஒரு தட்டு. அதற்கு முன்னால் மறுபடியும் அந்த முணுமுணுப்பு.

“நான் தட்டலாம்னு முடிவு பண்ணதே அப்பதான்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

“கல்லுக்கு ஜோசியம் தெரியும் போல, டாக்டர்” என்றார் கஃபார். ருக்சாரா பார்த்த பார்வையில் அவர் டீ போடப் போய்விட்டார்.

டாக்டர் முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை. “யார் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

“உங்ககிட்ட.”

“ஏன்?”

“உங்க வீட்டு ஆஷ்ல பூண்டு இல்லை.”

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. சுத்தியலைக் கையில் வைத்தபடியே அவர் படியேறினார்.

மாலை அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ஆளுநர், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மஹ்லகா. கடைசி வரிசையில் கஃபாரும் ருக்சாராவும். டாக்டர் மேடையேறிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். சுவரொட்டியில் சொன்னதைத் தான் சொல்லப்போவதில்லை என்று தொடங்கினார். அரங்கம் சலசலத்தது. திரையில் நெளிவுகளைக் காட்டினார். இது நிலத்தின் குரல் அல்ல, கருவியின் குரல் என்றார். ஸிங்க் வடிவத்தைக் காட்டி, கூர்மையாக வெட்டினால் அதிர்வு ஏன் இரண்டு பக்கமும் தெறிக்கிறது என்று குழந்தைக்கும் புரியும்படி சொன்னார். நன்றாகத்தான் பேசுவார், அந்தத் திறமை அவருக்கு எப்போதும் உண்டு. எச்சரிக்கை மணி எதையும் இதை நம்பி வைக்கவேண்டாம் என்று ஆளுநரைப் பார்த்துச் சொன்னார்.

“நாங்கள் ஒரு எளிய பரிசோதனை செய்தோம். ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு...”

நாங்கள். ருக்சாராவின் காது சுட்டது.

“திருடறான் கஃபார். திரும்பவும் திருடறான். நான் கையில குடுத்ததையே திருடறான்.” மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல், வாசலில் கிடக்கும் செருப்பு யாருடையது என்று கேட்கிற தொனியில் கேட்டது.

“யாரோட சுத்தியல்?”

மஹ்லகா உட்கார்ந்தபடியேதான் கேட்டாள். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. ஆளுநரும் சிரித்தார். ருக்சாரா கனவு கண்டிருந்த அதே சிரிப்பு, அதேபோல வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. டாக்டரின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. தண்ணீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையை நகர்த்தவில்லை.

“இன்ஜினியர் ருக்சாரா வலிஸாதேவுடையது” என்றார். “பரிசோதனையும் அவருடையதுதான். நான் பேசியதில் சரியாக இருப்பதெல்லாம் அவர் காட்டியது. கருவிகளை அப்படி வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது நான்.”

தலைகள் பின்னால் திரும்பின. ருக்சாரா பாதி எழுந்த நிலையில், உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். கேட்க வந்த கேள்விக்கு இனி வேலை இல்லை. வேறு கேள்வி ஒன்று இருந்தது, வரைபடம் யாருடையது என்று. அதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவளும் அதை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக நான் எழுதினால் அது பொய்.

மறுநாள் கஃபார் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தார்.

“அந்தாளு முகம் சிவந்துச்சா?”

“சிவந்துச்சு.”

“ஊர் முன்னால?”

“தொலைக்காட்சியிலயே.”

“அப்ப பாயசம் எங்க?”

“நான் சிவக்க வைக்கலையே.”

“அவர் தலைகுனியணும்னுதானே நீங்க நேர்ந்துக்கிட்டீங்க. யார் குனிய வைக்கணும்னு இமாம்கிட்ட சொல்லலை. அந்த அம்மா பேச்சு நல்லபடியா முடியணும்னு கேட்டாங்க, அதுவும் முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் குடுத்துட்டார். இனிமே பேரம் பேசாதீங்க.”

அப்படியொரு நேர்ச்சை செல்லாது என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை அரிசி ஊறவைத்து, குங்குமப்பூ இடித்து, பன்னீர் ஊற்றி, தெரு முழுவதுக்கும் காய்ச்சினாள். கிண்ணங்களில் பாயசத்தின் மேல் வழக்கம்போலப் பட்டைத்தூளால் இமாம்களின் பெயர்களை எழுதினாள். ஒரு கிண்ணத்தில் மட்டும் பெயர் எழுதவில்லை. நடுவில் ஒரு மலையும் இரண்டு பக்கமும் சிறுத்துச் சிறுத்துப் போகும் நெளிவுகளுமாகப் போட்டு, கஃபாரிடம் கொடுத்து டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாள். அன்பாலா, குத்திக்காட்டவா என்று கஃபார் கேட்டார். அவளுக்கே தெரியவில்லை.

கிண்ணம் ஒரு வாரம் கழித்துத் திரும்பியது. மஹ்லகா கொண்டுவரவில்லை. டாக்டர் சர்ராஃபியே கீழே இறங்கி வந்து, மேசைமேல் வைத்து, “வடிகட்டியை எல்லாம் பழையபடி மாத்திடுங்க. உத்தரவு மேல இருக்கு” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். உள்ளே சுத்தியல் இருந்தது. அது அவளுடையது, திருப்பி வைக்கும் பொருளாகக் கணக்கில் வராது என்று அவருக்கோ மஹ்லகாவுக்கோ தோன்றியிருக்கவேண்டும். பக்கத்தில் ஈரம் காயாத ஒரு கொத்துப் புதினாவும் இருந்தது.

கஃபார் புதினாவில் பாதியைக் கிள்ளி டீயில் போட்டார். ருக்சாரா முதல் கருவியின் வடிகட்டியை மாற்றிவிட்டு, திண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினாள். திரையில் மலை எழுந்து, அதன்பின் நெளிந்து நெளிந்து ஓய்ந்தது. தட்டுக்கு முன்னால் கோடு நேராக, சத்தமில்லாமல் கிடந்தது.